அடைப்பு இல்லை என்றால் நோய் இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் சர்க்கரை நோயைப் பற்றி எழுதும்போது, ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் இருக்கும் ‘எண்டோதீலியம்’ கெடுவதால் இதயமும் கெடுகிறது, சர்க்கரையும் முற்றுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன், சிலருக்கு அதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: ரத்தக்குழாய் என்றால் குழாய்தானே டாக்டர், தண்ணீர் பைப் மாதிரி? அதற்கு உள்ளே தனியாக என்ன இருக்கிறது, அது எப்படிக் கெடும்? நான் விவசாயி, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். (ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்)

கண்மாய்ப் பாசன ஊர்க்காரர் கேட்டதில் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. உங்கள் ஊர் வாய்க்காலை யாராவது வெறும் மண் பள்ளம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? எந்த வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும், எங்கே கரை உடையப் பார்க்கிறது என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராப்பகலாக வாய்க்காலோடு நடக்கிற நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார் இல்லையா, ரத்தக்குழாய்க்கு அந்த நீர்பாய்ச்சிதான் எண்டோதீலியம். தமிழில் உட்படலம் என்று வைத்துக்கொள்வோம்.

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எல்லா ரத்தக்குழாய்களின் உள்பக்கமும், ஓடு பதித்த மாதிரி செல்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியது இந்தப் படலம். கனம் என்று பார்த்தால் ஒரே ஒரு செல்தான். ஆனால் உடம்பு முழுக்க உள்ளதைத் திரட்டினால் ஒரு கிலோவை ஒட்டி வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1865-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக இதை ஒரு உறை, காகிதம் சுற்றிய மாதிரி என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அது உறை இல்லை என்று தெரிந்த கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் மகாதமனியிலிருந்து சிறு பட்டைகள் வெட்டி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்து சொட்டினால் சுருங்குகிறதா விரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளை விட்டால் அவருடைய பட்டைகள் சுருங்கும். ஆனால் அதையே உயிருள்ள பிராணிக்குச் செலுத்தினால் குழாய் விரியும். பல வருஷமாக இது அவிழாத முடிச்சு. 1978-ல் ஒரு நாள் ஆய்வகத்தில் செய்முறை வரிசை மாறிப்போய், பட்டை சுருங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்தது. அதை விடாமல் துருவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டையைத் தயார் செய்யும்போது அதன் உள்பக்கம் எதிலாவது உரசிவிட்டால் உட்படலம் போய்விடுகிறது, படலம் போன பட்டை சுருங்குகிறது, படலம் இருக்கும் பட்டை தளர்கிறது. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: படலம் உரிந்த பட்டையின் மேல், படலம் உள்ள இன்னொரு பட்டையை முகத்தோடு முகம் வைத்த மாதிரி ஒட்டினார். உரிந்த பட்டையும் தளர்ந்தது! ஆக, இந்தப் படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து பக்கத்துத் தசைக்கு ‘விரி’ என்று சொல்கிறது. 1980-ல் இது வெளியானது. அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, சில நொடிதான் அதற்கு ஆயுசு என்று அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தெரிந்தது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வாயு செய்யும் வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. குழாயை விரிக்கிறது, ரத்தத் தட்டுகள் சுவரில் ஒட்டி உறையாமல் தடுக்கிறது, வெள்ளை அணுக்கள் சுவருக்குள் புகாமல் பார்த்துக்கொள்கிறது. ரத்தக்கொதிப்பு, அதிகச் சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை இவை வருஷக்கணக்கில் அந்தப் படலத்தை அடித்துக்கொண்டே இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வழவழப்பாக இருந்த படலம் ஒட்டுகிற தன்மைக்கு மாறுகிறது. எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு அடியில் இறங்குகிறது, அதைத் தின்ன வரும் வெள்ளை அணுக்களும் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன, மெல்ல மெல்லச் சுவருக்குள் ஒரு கொழுப்புத் திட்டு எழுகிறது. அதாவது, நம் போர்வெல் உப்புத் தண்ணீர் பைப்பில் படிகிற மாதிரி ரத்தத்திலிருந்து கொழுப்பு வந்து மேலே படிவதில்லை, சுவருக்கு உள்ளேயே வளர்கிறது. இதை நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்கிறேன், சொல்லிச் சலிக்கவில்லை.

நீர்பாய்ச்சி படுத்துவிட்டால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே. உடம்பில் கடைமடை என்றால் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் விரல். சர்க்கரை நோயாளிக்கு இந்த மூன்றையும் ஏன் சோதித்துக்கொண்டே இருக்கிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இடது தோள் வரை வலி. ஆஞ்சியோ எடுத்தோம், ‘அடைப்பே இல்லை, கேஸ்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷமாக கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார், வலி போகவில்லை. சொந்தக்காரர்கள் ‘மனசுதான் காரணம்’ என்கிறார்கள். அம்மாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். (மகள், கோயம்புத்தூர்)

உங்கள் அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: வலி பொய் இல்லை, மனப்பிரமை இல்லை.

ஆஞ்சியோகிராமில் தெரிவது இதயத்தின் பெரிய தமனிகள் மட்டும்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அதில் தெரியாது. மரத்தை எட்ட இருந்து போட்டோ எடுத்தால் கிளைகள் தெரியும், இலை நரம்பு தெரியுமா? இதயத் தசைக்கு ரத்தம் எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்வதே இந்த நுண்குழாய்கள்தான். அவற்றின் உட்படலம் சரியாக வேலை செய்யவில்லை என்றால், படி ஏறும்போது விரிய வேண்டிய குழாய் விரியாது. சில சமயம் சுருங்கவும் செய்யும்.

சுருங்குமா என்றால், சுருங்கும். 1986-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழுவினர், ஃபர்ச்காட் முயலில் பார்த்த அதே அசிடைல்கோலினை மனிதர்களின் இதயத் தமனிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனி விரிந்தது, உட்படலம் பழுதான தமனி அதே மருந்துக்குச் சுருங்கியது. விரி என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மருந்து நேராகத் தசையைத் தொடுகிறது, தசை இறுகுகிறது. முயல் பட்டையில் நடந்த அதே விஷயம்தான்.

1996-ல் அமெரிக்காவில் நெஞ்சு வலியோடு வரும் பெண்களை மட்டும் எடுத்து ‘வைஸ்’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பெரிய அடைப்பு இல்லாத பெண்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நுண்குழாய்க் கோளாறு இருந்தது. தொடர்ந்து கவனித்ததில், இவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வருவது மற்றவர்களைவிட அதிகம் என்றும் தெரிந்தது. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடம் இது கூடுதல். அந்த வயதில்தான் ‘கேஸ்’, ‘டென்ஷன்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதும் கூடுதலாக நடக்கிறது, இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

என்ன செய்யலாம்? ஒரு இதய மருத்துவரிடம் போய், ‘நுண்குழாய் ஆஞ்சைனா (நுண்குழாய்க் கோளாறால் வரும் நெஞ்சு வலி) இருக்க வாய்ப்பு உண்டா’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பெட் ஸ்கேன், இதய எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோவின்போதே சிறு கம்பி விட்டு ரத்த ஓட்டத்தை அளப்பது என்று வழிகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் கிடைக்காது, பெரிய மையங்களில் கிடைக்கும். அது கிடைக்காவிட்டாலும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இறுக்கிப் பிடித்து, நெஞ்சு வலிக்கான மாத்திரைகளைத் தொடங்கிப் பார்க்கலாம், நிறையப் பேருக்கு வலி குறைகிறது. இரைப்பை, தைராய்டு, ரத்தசோகை இவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்து வியர்த்துக் கொட்டினால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், போன தடவை ஆஞ்சியோ நார்மல் என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் இல்லை.

கேள்வி: வயது 43. நாலு வருஷமாகச் சர்க்கரை. ஒன்றரை வருஷமாகத் தாம்பத்தியத்தில் விறைப்பு சரியாக வருவதில்லை. மனைவியிடம்கூட விளக்கமாகப் பேச முடியவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம்)

எழுதியதே பெரிய காரியம். நீங்கள் எழுதியதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் டாக்டரிடம் போவார்கள்.

இது ஆண்மைக் குறை என்று நினைத்து வெட்கப்படுகிறீர்கள், நான் இதை ரத்தக்குழாய் கொடுத்த முன்னறிவிப்பாகப் பார்க்கிறேன். விறைப்பு வருவதே நைட்ரிக் ஆக்சைடால்தான். நரம்பிலிருந்தும் உட்படலத்திலிருந்தும் அது சுரந்து, அங்குள்ள குழாய்களை விரித்து ரத்தத்தை நிரப்புகிறது. அந்தத் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே படலம் பழுதாகும்போது சிறிய குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். விறைப்புக் குறைவு தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் இதயக் கோளாறு வெளிப்படுவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் கையில் இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ரத்தக்கொதிப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் பாருங்கள். நீரிழிவில் நரம்பும் கெடும், மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் காரணமாகலாம், எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும்.

மாத்திரை விஷயம். சில்டெனாஃபில் என்ற அந்த மருந்தை இங்கிலாந்தில் முதலில் சோதித்ததே நெஞ்சு வலிக்காகத்தான். நைட்ரிக் ஆக்சைடு அனுப்பும் செய்தி சீக்கிரம் அழிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மாத்திரையும் அதே பாதையில்தான் போகிறது. இரண்டும் ஒன்று சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழுந்து உயிரே போகலாம். அதனால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்களும், நெஞ்சு வலி என்று அவசரத்துக்குப் போனால், வெட்கப்படாமல் ‘இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மனைவிக்கும் அந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது.

கேள்வி: என் எடை 58 கிலோ, ஒல்லியான ஆள். எனக்கு எப்படி டாக்டர் சர்க்கரை ‘பார்டர்’ என்று வரும்? குண்டாக இருக்கிற என் நண்பனுக்கு எல்லாம் நார்மல். (வயது 38, மதுரை)

உங்களுக்கு ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! தராசு ஒன்றே சொல்கிறது, உடம்பு வேறு சொல்கிறது. நம் ஆட்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது, அதை முதலில் வாங்கிக்கொள்வது உட்படலம்தான்.

இன்சுலினை நாம் சர்க்கரைக்கான சாவி என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அது உட்படலத்தோடும் பேசுகிறது. சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், தசைகளுக்குப் போகும் நுண்குழாய்களின் படலத்திடம் நைட்ரிக் ஆக்சைடை விடச் சொல்கிறது, குழாய் திறக்கிறது, ரத்தத்தோடு சர்க்கரையும் இன்சுலினும் தசைக்குள் தாராளமாகப் போய்ச் சேர்கின்றன. படலம் அந்தப் பேச்சைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்? தசைக்குப் போய்ச் சேரும் இன்சுலினும் சர்க்கரையும் குறையும், ரத்தத்தில் சர்க்கரை நிற்கும், நின்ற சர்க்கரை படலத்தை இன்னும் கெடுக்கும். செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு, இதய நோய் எல்லாம் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில் வந்து சேர்கின்றன.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பில் (சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான் முன்நின்று நடத்தியது) நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் உங்களைப் போல் ‘பார்டரில்’. எடை மெஷினை விடுங்கள், தையல்காரரின் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் எச்சரிக்கை. அப்புறம், நடை மட்டும் போதாது, தசையை வளர்க்கும் பயிற்சியும் வேண்டும். தண்டால், பஸ்கி எடுங்கள், செலவே இல்லை.

நண்பருக்கு எல்லாம் நார்மல் என்பது இன்றைய நிலவரம் மட்டும்தான். அவரையும் இடுப்பை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ‘அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி எதற்கு இத்தனை மாத்திரை’ என்று தினமும் சண்டை. (திருநெல்வேலி)

மாத்திரையை நிறுத்தவே விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஸ்டென்ட் வைத்து மூன்றாம் மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரையையும் தானாகவே நிறுத்தினார். ஒரு வாரத்தில் அதே ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி அட்டாக்கோடு வந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு, ‘பல்லுக்காகத்தானே சாமி நிறுத்தினேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிழைத்துவிட்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது.

ஏன் அப்படி ஆகிறது? ஸ்டென்ட் என்பது கம்பி வலை. பலூனை ஊதி அதைப் பதிக்கும்போது அந்த இடத்து உட்படலம் நசுங்கிப் போகிறது. வெறும் உலோகம் ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்தால் ரத்தம் அதன் மேல் உறையத்தான் பார்க்கும். பக்கத்திலிருந்து புதுப் படலம் ஊர்ந்து வந்து கம்பியை மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காவலுக்கு இருப்பவைதான் அந்த இரண்டு மாத்திரைகளும். எதை எப்போது நிறுத்துவது என்று ஸ்டென்ட் வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். அட்டாக் வந்த நேரத்தில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் அது சரி செய்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தை. மீதி எல்லா இடத்திலும் அதே பழைய படலம்தானே இருக்கிறது? நிறைய அட்டாக்குகள் பாதி அளவுகூட அடைக்காத திட்டு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. ‘எத்தனை சதவீதம் அடைப்பு’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு இதை ஏற்பது கஷ்டம். ஸ்டாட்டின் மாத்திரை அந்தத் திட்டுகளை இறுக்கி அமைதிப்படுத்துகிறது, எல்.டி.எல்.-ஐக் குறைக்கிறது, உட்படலத்தின் வேலைத் திறனையும் மேம்படுத்துகிறது. அது ஒரு இடத்துக்கான வைத்தியம் இல்லை, உடம்பு முழுக்க வேலை செய்கிறது.

கேள்வி: ஜிம்மில் ‘நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்’ என்று ஆர்ஜினின் பவுடர் விற்கிறார்கள். உட்படலத்துக்கு நல்லது என்றால் இதய நோயாளியான என் மாமாவுக்கும் வாங்கித் தரலாமா? (சேலம்)

வேண்டவே வேண்டாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்: ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் படலம் நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது, மூலப்பொருளைக் கொட்டினால் சரக்கு கூடும் என்று. அதையே நம்பி அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட பக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். இயந்திரமே பழுதான பிறகு மூலப்பொருளைக் கொட்டுவதால் பலன் இல்லை, கெடுதலும் வரலாம். விட்டமின் ஈ மாத்திரைக்கும் ஒரு காலத்தில் இதே மாதிரி நம்பிக்கை இருந்தது, பெரிய ஆய்வுகளில் அது இதயத்தைக் காப்பாற்றவில்லை.

கீரையும் பீட்ரூட்டும் வேறு வழியில் உதவுகின்றன, இந்த வழி எனக்கு ஆச்சரியமானது. அவற்றில் உள்ள நைட்ரேட் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, எச்சிலில் மறுபடி வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கிய பிறகு உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் கொப்பளித்து அந்த பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டால் இந்த வழி அடைபடுகிறது, ரத்த அழுத்தம் சற்றே ஏறுவதையும் பார்த்திருக்கிறார்கள். பல் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும். வாரத்தில் நாலைந்து நாள் அரைக்கீரையோ சிறுகீரையோ முளைக்கீரையோ கடைந்தோ பொரியலாகவோ சாப்பிடட்டும். மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி பொட்டாசியம் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் பிரசவத்தில் ஏழாம் மாதம் பி.பி. ஏறி, கால் முகம் வீங்கி, சீக்கிரமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இப்போது குழந்தைக்கு மூன்று வயது, பி.பி. நார்மல். இனி கவலை இல்லைதானே? (வயது 31, விழுப்புரம்)

கவலைப்பட வேண்டாம், ஆனால் மறந்துவிடவும் கூடாதும்மா. உங்களுக்கு வந்தது பிரீஎக்லாம்ப்சியா. அதில் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு ஒரு புரதம் கூடுதலாக வந்து, உட்படலம் நலமாக இருக்கத் தேவையான வளர்ச்சிப் பொருளை மறித்துவிடுகிறது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன ஆனந்த் கருமாஞ்சியின் குழுவினர் 2003-ல் இதைக் காட்டினார்கள். படலம் கெடுவதால்தான் வீக்கம், சிறுநீரில் புரதம், கொதிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. பிரசவத்தோடு அது அடங்கிவிடும், ஆனால் இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பி.பி., சர்க்கரை, சிறுநீர்ப் புரதம், கொழுப்பு பாருங்கள். அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் கருத்தரித்த உடனே முதல் விசிட்டிலேயே இந்த விவரத்தைச் சொல்லுங்கள், மூன்றாம் மாதம் முடிந்த கையோடு குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது உண்டு. ஐம்பது வயதில் எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் பிரசவக் கதையைச் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: உட்படலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க டெஸ்ட் உண்டா? (தஞ்சாவூர்)

உண்டு. முன்கையில் பி.பி. பட்டையைக் கட்டி ஐந்து நிமிஷம் இறுக்கி ரத்தத்தை நிறுத்துவார்கள், பட்டையை அவிழ்த்ததும் ரத்தம் குபுகுபுவென்று பாயும், அந்த வேகம் மேல்கைத் தமனியின் படலத்தைத் தேய்த்துக்கொண்டு போகும்போது நல்ல படலம் நைட்ரிக் ஆக்சைடை விட்டுத் தமனியை விரிக்கும். அல்ட்ராசவுண்டில் அந்த விரிவை அளக்கலாம், நூற்றுக்குச் சில பங்குதான் விரியும். 1992-ல் லண்டனில் இந்த முறையில் சோதித்தபோது, பரம்பரையாகக் கொழுப்பு அதிகமுள்ள சிறு பிள்ளைகளுக்கே தமனி சரியாக விரியவில்லை. நோய் தெரிய நாற்பது வயது ஆகலாம், ஆனால் தொடக்கம் பள்ளிக்கூட வயதிலேயே இருக்கிறது.

இது ஆராய்ச்சிக்கான சோதனை, உங்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பதிலாகச் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். கசியக்கூடாத புரதம் சிறுநீரக நுண்குழாய் வழியாகக் கசிகிறதா என்று அது சொல்லிவிடும், 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டியது, பாதிப் பேர் பார்ப்பதில்லையோ என்றுதான் என் அனுபவத்தில் தோன்றுகிறது. அதோடு, அந்தச் சோதனையின் தத்துவத்தையே நீங்கள் தினமும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: வேகமாக நடக்கும்போது ரத்தம் படலத்தைத் தேய்த்து ஓடுகிறது, அந்தத் தேய்ப்புதான் அதற்கு உரம். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலே கால் தமனியின் விரியும் திறன் குறைந்துவிடுகிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிஷம் நடந்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு சிகரெட்தான். அதுவும் கெடுதலா? (ஓசூர்)

கெடுதல்தான். ஒரே ஒரு சிகரெட் புகைத்த சில நிமிஷத்திலேயே மேலே சொன்ன சோதனையில் தமனி விரிவது குறைகிறது. நாளுக்கு ஒன்று குடிப்பவருக்கு, இருபது குடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு ஆபத்து இருந்தது. ஆகவே குறைத்துவிட்டேன் என்ற திருப்தி இதயத்துக்குப் போதாது, முழுதாக விட்டாக வேண்டும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356, மத்திய அரசின் இலவச உதவி எண், பேசிப் பாருங்கள். இரண்டு சிகரெட்டை விடுவது இருபதை விடுவதைவிட எளிது, அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது.